மதிலில் வரைந்த கதவுகள்

பிப்ரவரி 6

தங்கச்சிக்கு,

என் நாடகத்தின் கடைசிக் காட்சியை நீ நடத்தவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இதுதான் நீ செய்த தப்பு. இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் மகள் வீட்டில் கிடக்கிறவன் என்ன செய்துவிடுவான் என்ற தைரியம் உனக்கு.

உங்கள் வீட்டுப் போனை நான் எடுப்பதில்லை என்று உன் வீட்டுக்கார மாப்பிள்ளை குறைபட்டுக்கொண்டாராம். எடுக்க மாட்டேன். போனில் நீ அழுவாய், நான் இரங்கிவிடுவேன், பிறகு தப்பு யாருடையது என்பதே மறந்துபோகும். காகிதத்தில் அழுகை கேட்காது. உனக்கும் எழுதத் தெரியும். எழுது.

நடந்ததைச் சொன்னவர் நம் பஸ் பணிமனைக் கேன்டீன்காரம்மா. நாடகத்தில் செத்துப்போகிற அக்காள் அவர்தானே. மேடையில் பிணமாகப் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "நான் செத்துக் கிடந்தேன் சார், எந்திரிச்சு எப்படித் தடுக்கிறது?" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பிணத்துக்கு இருந்த ஒழுக்கம் உயிரோடு இருந்த உனக்கு இல்லை.

நான் எழுதியது என்ன? மறந்திருப்பாய், சொல்கிறேன். முப்பது வருடம் கழித்து நம் காலனி. பைபாஸ் வந்துவிட்டது. மேட்டின் மேல் சாலை, இரண்டு பக்கமும் மதில். இந்தப் பக்கம் நம் வீடுகள், அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும். அக்காள் ஒரு பக்கம் வாழ்க்கைப்படுகிறாள், தங்கை மறுபக்கம். நேராகப் போனால் கூப்பிடு தூரம், சுற்றிப் போனால் அரை நாள். அக்காளுக்கு நெஞ்சுவலி. வண்டி சுற்றிக்கொண்டு போவதற்குள் முடிந்துவிடுகிறது. தங்கை மதிலில் நெற்றியை வைத்து நிற்கிறாள். விளக்கு அணைகிறது. அந்த இருட்டுக்காகத்தான் நாடகம் முழுவதையும் எழுதினேன். பார்த்தவன் வயிறெரிந்து வீட்டுக்குப் போக வேண்டும். வயிறெரிந்தவன்தான் மறுநாள் ஏதாவது செய்வான்.

நீ என்ன செய்தாய்? கூட்டத்திலிருந்து எவளோ எழுந்து கேள்வி கேட்டாளாம், நீ பதில் சொன்னாயாம், அவள் மேடையேறித் துணி மதிலில் கதவு வரைந்தாளாம். அப்புறம் ஆளாளுக்கு வரைந்தார்களாம். விளக்கு அணையவே இல்லையாம். ஜனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களாம். பைபாஸுக்கு அளவுக்கல் ஊன்றிவிட்டார்கள். சிரிக்கிற நேரமா இது?

என் அனுமதி இல்லாமல் இந்த நாடகம் இனி மேடை ஏறக்கூடாது.

அண்ணன்

பி.கு. எழுந்து கேட்டது யார்?


பிப்ரவரி 13

அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கோபம் நன்றாக நடமாடுகிறது என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இடுப்பும் சீக்கிரம் நடமாடட்டும். நான் போனில் அழுவேனா? பேத்தி பிறந்த அன்று போனில் அழுதது யார் என்று அண்ணியைக் கேட்டுப் பாருங்கள்.

எழுந்தது நர்ஸ். என் தையல் கடைக்கு எதிர் வீடு. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய் வருகிறவள். நான் நெற்றியை மதிலில் வைத்தாகிவிட்டது. விளக்கு அணைய வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான், "ஏங்க, இந்தச் சுவத்துல ஒரு கதவு வச்சா என்ன?" என்று ஒரு குரல். கூட்டம் உஸ் என்றது. நான் திரும்பியிருக்கக் கூடாது. திரும்பிவிட்டேன். "எங்க வைக்கணும், வந்து காட்டு" என்று வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால் உங்களுக்குப் பயந்து வாயை மூடியிருப்பேன்.

அவள் மேடையில் கால் வைத்த பிறகு உங்கள் மாப்பிள்ளை எப்படி விளக்கை அணைப்பார்? சட்டம் போட்டது யார்? பஸ்ஸுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழிக்கு மேல் பலகை போட்டால் அதுதானே நம் பணிமனையில் மேடை. வெளியாள் பலகையில் நிற்கும்போது விளக்கை அணைக்கக் கூடாது, நானே சொன்னாலும் அணைக்கக் கூடாது என்று சுவிட்ச் பெட்டியில் நீங்கள் ஒட்டிய காகிதம் இன்னும் கிழியவில்லை. மனிதர் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கேட்டால், "மச்சான் பேச்சை மீறி எனக்குப் பழக்கமில்லை" என்கிறார். உங்கள் இருட்டைத் தடுத்தது உங்கள் காகிதம்தான். என்னைத் திட்டும்போது அதையும் கொஞ்சம் திட்டுங்கள்.

தையல்காரி மடியில் குறி போடும் சாக்பீஸ் இல்லாமல் இருக்குமா? எடுத்துக் கொடுத்தேன். அவள் வரைந்து முடிப்பதற்குள் பின்னால் வரிசை நின்றுவிட்டது.

ஒன்று சொல்லுங்கள். போன மாதம் ரோட்டு ஆபீஸ்காரர்கள் கருத்துக் கேட்கிறோம் என்று கூட்டம் போட்டார்களே, அதிலும் இதே முகங்கள்தான். மைக்கை ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டினார்கள். எல்லோரும் அடுத்த ஆளைக் காட்டினார்கள். கடைசியில் ஒருவர் மட்டும், மின்விசிறி ஓடவில்லை என்று கருத்துச் சொன்னார். அதே ஆட்கள் என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினார்கள். ஏன் அண்ணா? நானும் யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

தங்கச்சி


பிப்ரவரி 20

தங்கச்சிக்கு,

காகிதம் ஆள் விழாமல் இருப்பதற்காக ஒட்டியது. நாடகம் விழுவதற்காக இல்லை. மாப்பிள்ளையிடம் சொல். வேண்டாம், நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்கு என் பதில். கூட்டத்தில் கேட்டது கருத்து. கருத்து என்பது படித்தவன் வீட்டுச் சாமான் என்று நம் ஜனங்களுக்கு நினைப்பு. எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு ஸ்பானரைப் பிடித்தவன் நான். கட்டுரை எழுதச் சொல்லியிருந்தால் ஒரு வரி வந்திருக்காது. இன்னொருவன் பேசுகிற மாதிரி எழுதலாம் என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது. உன் நர்ஸுக்கும் அப்படி ஏதோ நடந்திருக்கலாம். இது பாதிப் பதில்தான். மீதியை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. சாக்பீஸ் கதவு வழியாக யார் நடந்து போவது? பசித்தவனுக்குச் சாப்பாட்டுப் படத்தைக் காட்டி ஏப்பம் விடச் சொன்ன கதை இது. நான் சேர்த்துவைத்த ஆத்திரத்தை நீ சில்லறை சில்லறையாக மாற்றிக் கொடுத்துவிட்டாய். இனி அவர்கள் எதற்கு ரோட்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்கப் போகிறார்கள்? அதுதான் கதவு வரைந்தாயிற்றே.

கதவுகள் எங்கெங்கே? யார் யார் வரைந்தது? ஒன்று விடாமல் எழுது. ஆசையாகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என்னைக் கேட்காமல் என் நாடகத்துக்குள் நுழைந்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 1

அண்ணாவுக்கு,

ஆசையாகக் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

துணியின் நீளத்தைக் காலனியின் நீளமாக வைத்துக்கொண்டுதான் வரைந்தார்கள். நர்ஸின் கதவு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அங்கே தெருவிளக்கு உண்டு, வேலை முடிந்து அவள் தனியாக வருகிற பாதை அது. அடுத்து பேக்கரிக்காரர். அவர் கதவு எங்கே இருக்கும்? அவர் கடைக்கு நேர் எதிரே, வேன் போகிற அகலத்துக்கு. கூட்டம் ஓவென்று கத்தியது. "வியாபாரம் பண்றவன் மனுஷன் இல்லையா? காலைல ரொட்டி வேணும்ல உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயம்தான் என்று எனக்குப் பட்டது.

ஒரு குட்டிப் பெண் தன் உயரத்துக்கு மட்டும் ஒரு கதவு வரைந்தாள். பெரியவர்கள் எப்படிப் போவது என்று கேட்டேன். குனிந்து வரட்டும் என்றாள். தபால்காரர், ஓய்வு பெற்ற பிறகு கண் தெரியாமல் போனவர், உங்களுக்குத் தெரியும், அவர் கதவு வரையவில்லை. மதிலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கை உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தார். பிடித்துக்கொண்டு நடக்க. அந்தக் கோட்டின் மேல் யாரும் வரையவில்லை, அது வருகிற இடத்தில் இடைவெளி விட்டு வரைந்தார்கள். மூலைவீட்டுக்காரர் தன் வீட்டுக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி போட்டார். கதவு வேண்டவே வேண்டாமாம். வழி வைத்தால் திருடனும் வருவானாம்.

நீங்கள் எழுதும்போது மதில் ஒன்றுதானே அண்ணா? எனக்கும் அப்படித்தான். பல நாள் அந்தத் துணியில் நெற்றியை வைத்து நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மதில்.

துணியைக் கழற்றவில்லை. ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். கதவுகள் கூடுகின்றன. போன வாரம் ரோட்டு ஆபீஸ் பொறியாளரே வந்தார். சின்ன வயசுப் பெண். யாரும் கூப்பிடவில்லை. துணிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். தபால்காரர் இழுத்த கோட்டின் மேல் விரல் வைத்து நடந்து பார்த்தார். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று தெரியாமல் எனக்குத் தையல் ஓடவில்லை.

இந்த மாதக் கடைசியில் ரோட்டு ஆபீஸின் இரண்டாவது கூட்டம். அதோடு வரைபடத்தை முடிவுசெய்து மூடிவிடுவார்களாம். அதற்கு முந்தின ஞாயிறு நாடகம் போடச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். அனுமதி வேண்டும். ஆனால் கதவுகளை விட்டுவிட்டு நான் நடிக்க மாட்டேன். நீங்கள் பிடிவாதக்காரர் என்றால் நானும் அதே வயிற்றில் பிறந்தவள்தான்.

தங்கச்சி


மார்ச் 9

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மகள் சத்தமாகப் படித்தாள். குட்டிப் பெண்ணின் கதவு வந்தபோது மறுபடி படிக்கச் சொன்னேன். அவ்வளவுதான். அதற்கு மேல் கற்பனை செய்துகொள்ளாதே.

இந்த வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பைபாஸ் தெரிகிறது. இது மேடு இல்லை, தரையிலேயே போகிறது. இரண்டு பக்கமும் மதில் உண்டு. இத்தனை நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்துக்குப் பிறகுதான், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் காணாமல் போவது கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனேன். மகள் கத்தினாள். கத்தட்டும்.

மதிலில் ஓர் ஓட்டை. ஆள் பக்கவாட்டில் நுழையலாம். ஓரமெல்லாம் தோள் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டது. அது சந்தைக்கு நேரே இல்லை, பஸ் நிறுத்தத்துக்கு நேரே இல்லை, எதற்கும் நேரே இல்லை. பின் ஏன் அங்கே? பக்கத்து டீக்கடைக்காரரைக் கேட்டேன். "அந்த இடத்துல ரோடு வளையுது சார். நின்னா ரெண்டு பக்கமும் வர்ற வண்டி தெரியும். வேற எங்க உடைச்சாலும் செத்தோம்" என்றார். யார் உடைத்தது? யாருக்கும் தெரியாதாம். அடைக்க வருகிறவர்களுக்கு டீ இவர்தான் கொடுக்கிறாராம். அடைப்பார்கள், ஒரு வாரத்தில் திறந்துவிடுமாம். அந்த இடம்தான் சரி என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் வேறு இடங்களில் உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கெல்லாம் என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் டம்ளர் கழுவப் போய்விட்டார்.

திரும்பி வந்து ரொம்ப நேரம் யோசித்தேன். மதில் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் யாரும் அந்த ஓட்டையை மனதில் பார்க்கவில்லை. முன்கூட்டி மனதில் பார்க்காத ஊர், பிறகு உயிரைக் கொடுத்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது. நீ இதைப் படித்துவிட்டு "பார்த்தீங்களா அண்ணா" என்று குதிப்பாய். குதிக்காதே. இங்கே அந்த ஓட்டையைத் திறந்தது சிரிப்பு இல்லை, சாவு. நான் இருட்டில் காட்ட நினைத்தது அதைத்தான்.

கடைசிக் காட்சி நான் எழுதியபடி முடிய வேண்டும். அப்படி என்றால் அனுமதி. இல்லை என்றால் இல்லை.

அண்ணன்

பி.கு. மூலைவீட்டுக்காரர் பெருக்கல் குறியை அழித்துவிட்டாரா, இன்னும் இருக்கிறதா?


மார்ச் 14

அண்ணாவுக்கு,

அவர் குறி போய்விட்டது. எல்லாமே போய்விட்டது.

நேற்றுக் காலை பணிமனையைத் திறந்தவர்கள் பார்த்தபோது துணி முழுவதும் ஈரத்துணியால் துடைக்கப்பட்டிருந்தது. ஒரே ஒரு கதவு மட்டும் பாக்கி, பேக்கரிக்காரருடையது. தபால்காரர் கோட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. பேக்கரிக்காரர் தான் இல்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்கிறார். அவரைக் கெட்ட பேரில் மாட்டிவிட வேறு யாரோ செய்ததாகவும் பேச்சு. எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் அவர் கடை ரொட்டியை நிறுத்திவிட்டாள். தொட்டித் தெருவே நிறுத்திவிட்டது. உங்கள் மாப்பிள்ளை இரண்டு பக்கமும் சமாதானம் பேசப் போய், இரண்டு பக்கமும் இவரோடு பேசுவதில்லை.

இதில் வினோதம் என்ன தெரியுமா? பொறியாளர் அதே நாளில் மறுபடி வந்தார். மேல் அதிகாரியிடம் போட்டோவைக் காட்டினாராம். இத்தனை வழி வைத்தால் அது மதில் இல்லை, சல்லடை என்று சிரித்தாராம் அந்த அதிகாரி. "ரோட்டுக்கு அடியில வழி, ஒரே ஒரு இடம்னு எல்லாரும் சேர்ந்து சொன்னீங்கன்னா, அதுக்கு நான் சண்டை போடறேங்க. நூறு இடம் சொன்னா ஒண்ணுகூட வராது" என்று என்னிடம் சொன்னார். குரல் தாழ்த்திச் சொன்னார், வேலைக்கு ஆபத்து போல. கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான். ஒரே இடத்தைச் சொல்ல வேண்டியவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

நீங்கள் சொன்னது பாதி சரி. வரைந்துவிட்டு ஏப்பம் விட்டுப் போனார்கள். ஏப்பம் அடங்கியதும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் சாக்பீஸ் கதவில் ஒன்றுமே இல்லை என்றால் யாரோ அதை எதற்கு இரவோடு இரவாகத் துடைக்க வேண்டும் அண்ணா? நான் கதவைத் திறந்துவிட்டேன், மூட வழி தெரியவில்லை. ஒரு முடிவு எழுதி அனுப்புங்கள். எந்தக் கதவு என்று நீங்களே சொன்னால்கூட உங்கள் வார்த்தைக்கு மரியாதை இருக்கும்.

தங்கச்சி


மார்ச் 19

தங்கச்சிக்கு,

எந்தக் கதவு என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அது என் கதவு. அடுத்த ராத்திரி அதையும் துடைப்பார்கள்.

நீ என்னைக் கேட்காமல் செய்தது தப்பு. அதில் மாற்றமில்லை. ஆனால் நீ கேட்ட கேள்விக்கு மீதிப் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவர்கள் ஏன் பேசினார்கள்? முப்பது வருடம் கழித்து நடக்கப்போவதைப் பக்கத்து வீட்டில் நேற்று நடந்தது மாதிரி பார்த்துவிட்டார்கள். அந்த அளவுக்கு என் எழுத்து வேலை செய்தது. அதற்கு மேல் அவர்களைப் பார்க்கவைக்க என் எழுத்தால் முடியவில்லை. அவரவர் கதவோடு நின்றுவிட்டார்கள். நாடகம் தெரிந்தவர்களிடம் இதற்கு ஒரு மருந்து உண்டு, அடுத்த ஆளின் வாயால் பேசுவது. நாமே அதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?

ஞாயிற்றுக்கிழமை நாடகம் நடக்கட்டும். அனுமதி தருகிறேன். கீழே எழுதியிருப்பதில் ஒரு எழுத்து மாறக் கூடாது.

தங்கச்சி: துணியை நன்றாகத் துவைத்துக் காயவைத்துக் கட்ட வேண்டும். பேக்கரிக்காரர் கதவும் இருக்கக் கூடாது. தபால்காரரை மட்டும் முன்னதாக அழைத்துவந்து கோட்டை மறுபடி இழுக்கச் சொல். அது கதவு இல்லை, அதற்குச் சண்டையும் இல்லை. கடைசிக் காட்சியில் யார் எழுந்து என்ன கேட்டாலும் நீ திரும்பக் கூடாது.

மாப்பிள்ளை: வெளியாள் யாரும் ஏறாதபடி பலகையின் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, விளக்கை அணைக்க வேண்டும். கூட்டம் இருமும், நெளியும். அப்போதும் போடக் கூடாது. யாராவது அழுகிற சத்தம் கேட்ட பிறகு போடலாம்.

கேன்டீன்காரம்மா: விளக்கு வந்ததும் பிணம் எழுந்து உட்கார வேண்டும். ஒரே ஒரு வசனம் புதிதாக எழுதியிருக்கிறேன். கூட்டத்தைப் பார்த்து, "என்னை எந்த வழியாக் கொண்டுபோயிருந்தா நான் பொழைச்சிருப்பேன்?" என்று கேட்க வேண்டும். அழாமல், வழி கேட்கிற குரலில். பிறகு சாக்பீஸை அவர்தான் கொடுக்க வேண்டும், நீ இல்லை. செத்தவள் நீட்டினால் யாரும் தன் கடையைப் பற்றி மட்டும் பேச முடியாது.

நர்ஸ்: பேக்கரிக்காரரின் கதவுக்காகப் பேச வேண்டும். அவருக்கு வேன் ஏன் வேண்டும், விடியற்காலையில் ரொட்டி எத்தனை வீட்டுக்குப் போகிறது என்று அவர் வாயாலேயே பேசுகிற மாதிரி பேச வேண்டும்.

பேக்கரிக்காரர்: நர்ஸின் கதவுக்காகப் பேச வேண்டும். வேலை முடிந்து தனியாக வருகிற பெண்ணாக. கூட்டம் சிரித்தாலும் நிறுத்தக் கூடாது. வரமாட்டேன் என்பார். துடைத்தது நீங்கள் இல்லை என்று ஊர் நம்ப இதுதான் வழி என்று சொல், வருவார்.

மூலைவீட்டுக்காரர்: குட்டிப் பெண்ணாகப் பேச வேண்டும். குட்டிப் பெண் மூலைவீட்டுக்காரராக. திருடன் பயத்தை அவள் நன்றாகவே சொல்வாள் என்று நினைக்கிறேன். எனக்கு அதைக் கேட்க வேண்டும்.

பொறியாளர்: முன்வரிசையில் உட்கார வேண்டும். பேசக் கூடாது, வரையக் கூடாது. கடைசியில் ஒரே கதவு நின்றதும், அதைத் தன் வரைபடத்தில் எல்லோர் கண் முன்னாலும் குறிக்க வேண்டும். மறுவாரக் கூட்டத்தில் மைக்கை நீட்டும்போது எல்லோரும் அந்த ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும், அதற்கு அவர் சண்டை போட வேண்டும்.

ஸ்டேஷனுக்கு ஆள்: மாப்பிள்ளை. சனிக்கிழமை காலை ரயில். நடைவண்டி மடங்காது, பெரிய வண்டியாகக் கொண்டுவரட்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்க வேண்டாம்.

எல்லோரும்: கதவு ஒன்றாகும்வரை வீட்டுக்குப் போகக் கூடாது. விடிந்தாலும் சரி. நான் உட்பட.

அண்ணன்